மண் வேறு, கட்டடம் வேறு: வீடு வாங்கும் முன் மதிப்பைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

சாப்பாட்டு மேசையில் மூன்று தாள்கள் கிடந்தன. ஒன்று திட்ட அனுமதி வரைபடம். இன்னொன்று சொத்து வரி மதிப்பீட்டு விவரம். மூன்றாவது, என் அத்தை மகன் டேப் பிடித்து அளந்து நோட்டுத் தாளில் எழுதிவைத்த கணக்கு. மூன்றும் ஒரே வீட்டைப் பற்றியவை. வரைபடத்தில் 1,500 சதுர அடி. வரி விவரத்தில் 900. அளந்து பார்த்தால் 1,900.

"அண்ணா, இதுல எதை வச்சு விலை பேசுறது?" என்று கேட்டான்.

சரியான கேள்வி. தாம்பரத்துக்குக் கிழக்கே, ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டில் கட்டிய வீடு அது. கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு தளம், கட்டிப் பத்து வருடம். மூன்று வருடத்துக்கு முன் உள்ளே எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார்கள். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், படிக்கட்டுக்குக் கண்ணாடிக் கைப்பிடி, ஹாலில் ஒரு சுவர் முழுக்க மரப்பலகை. வீட்டுக்காரர் கேட்டது 1 கோடியே 35 லட்சம். தரகர் சொன்னது: "சார், இந்த ஏரியாவுல இப்படி ஒரு வீடு திரும்பக் கிடைக்காது."

நம் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரே மதிப்பு என்று எதுவும் கிடையாது. பதிவுத்துறைக்கு ஒரு மதிப்பு, வங்கிக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று, விற்பவர் மனதில் ஒன்று. நான்கும் நான்கு வேலைக்காக உருவானவை. வாங்குகிறவருக்காக உருவான மதிப்பு மட்டும் எந்த அலுவலகத்திலும் இல்லை. அதை அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு முதல் படி, விற்பவர் ஒற்றை எண்ணாகச் சொல்லும் விலையை இரண்டாகப் பிளப்பது. இதில் மண்ணுக்கு எவ்வளவு? அதன்மேல் நிற்கும் கட்டடத்துக்கு எவ்வளவு? மண் வருடா வருடம் ஏறலாம். கட்டடம் வருடா வருடம் இறங்கும். இரண்டையும் சேர்த்து ஒரே விலையாகக் கேட்கும்போது, இறங்கும் பொருளுக்கும் ஏறும் பொருளின் விலையைக் கொடுத்துவிடுகிறோம். நான் பார்த்த வரையில், வீடு வாங்கி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் சறுக்கிய இடம் இதுதான்.

வழிகாட்டி மதிப்பு எதைச் சொல்கிறது

தமிழ்நாட்டில் வீடு தேடுகிற எல்லோர் வாயிலும் முதலில் வரும் சொல் 'கைடுலைன் வேல்யூ'. பதிவுத்துறையின் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தெரு அல்லது சர்வே எண் கொடுத்தால் சதுர அடிக்கு எவ்வளவு என்று வந்துவிடும். இது நிலத்துக்கான எண். கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறையின் விலை விகிதத்தை வைத்து, வயதுக்கு ஏற்பக் கழித்து, தனியாகக் கணக்குப் போடுவார்கள்.

இந்த எண் எதற்காக இருக்கிறது? அரசுக்குச் சேர வேண்டிய முத்திரைக் கட்டணம் குறைந்துவிடாமல் இருக்க. அவ்வளவுதான். அதை வைத்து வீட்டின் விலையை முடிவு செய்ய முடியாது என்பதற்கு அதன் சமீபத்திய வரலாறே போதும். 2012 ஏப்ரலில் மாநிலம் முழுக்கத் திருத்தினார்கள். 2017 ஜூனில் ஒரே உத்தரவில் 33 விழுக்காடு குறைத்தார்கள். அதே சமயம் பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆனது. 2023 ஏப்ரலில் மதிப்பை மறுபடி 2017-க்கு முந்தைய நிலைக்கு ஏற்றி, பதிவுக் கட்டணத்தை 2 விழுக்காடாகக் குறைத்தார்கள். அந்த உயர்வுக்கான சுற்றறிக்கையை, உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு முறைப்படி தயாரித்த புதிய மதிப்புகள் 2024 ஜூலை 1 முதல் வந்தன. ஏழு வருடத்தில் இத்தனை ஏற்ற இறக்கம். இத்தனைக்கும் தெரு அதே தெரு, மண் அதே மண்.

இப்படிப்பட்ட அரசுப் பதிவேட்டு மதிப்பை மட்டும் வைத்து நிலத்தின் சந்தை விலையைத் தீர்மானிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1994-இல், ஜவாஜீ நாக்நாதம் வழக்கில், ஒரு நில எடுப்பு இழப்பீடு தொடர்பாகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்பவர் "கைடுலைனே இவ்வளவு ஏறிடுச்சு" என்று சொல்லும்போதும் சரி, வாங்குகிறவர் "கைடுலைன் பாதிதானே" என்று பேரம் பேசும்போதும் சரி, இருவரும் பொருந்தாத அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

அதற்காக அதைப் பார்க்காமல் விடவும் கூடாது. முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக மொத்தம் 9 விழுக்காடு. ஆவணத்தில் காட்டும் விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அத்தை மகன் பார்த்த தெருவில் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 3,500, சந்தையில் 6,000. அங்கே தொல்லை இல்லை. தலைகீழாக இருக்கும் தெருக்களும் உண்டு. மெயின் ரோட்டை ஒட்டிய சர்வே எண் என்பதாலேயே, உள்ளே ஒடுங்கிய சந்தில் இருக்கும் மனைக்கும் மெயின் ரோட்டு மதிப்பு ஏறி உட்கார்ந்திருக்கும்.

அங்கேதான் வருமான வரி வந்து நிற்கும். ஒரு வீட்டை உண்மையாகவே 80 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள், பதிவுத்துறைக் கணக்கில் அது 95 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் விலையில் 10 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் அந்த 15 லட்சம் முழுவதும் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும். கையில் ஒரு ரூபாய்கூட வராத வருமானம். விற்றவருக்கும் அவர் பக்கத்தில் 95 லட்சத்தை வைத்தே மூலதன ஆதாயக் கணக்கு. இப்படி ஒரு தெருவில் வாங்குவதானால், இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. உண்மை விலையைக் காட்டிப் பதிவு செய்து, மதிப்பைத் தீர்மானிக்கும்படி முத்திரைக் கட்டணத்துக்கான துணை ஆட்சியருக்கு ஆவணத்தை அனுப்பவைக்கலாம். காலம் பிடிக்கும், ஆவணம் நிலுவையில் கிடக்கும், அது முடியும் வரை வங்கி கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த ஒப்பீட்டை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். இணையத்தில் பத்து நிமிட வேலை.

மண்ணின் கணக்கு

தெருவில் இப்போது என்ன விலை போகிறது என்று தரகரிடம் கேட்டால் ஒரு விலை, டீக்கடையில் கேட்டால் ஒரு விலை. கொஞ்சம் நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. அதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. வில்லங்கச் சான்றை (ஒரு மனையின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) எல்லோரும் தான் வாங்கப்போகும் மனைக்கு மட்டும்தான் எடுக்கிறார்கள். பக்கத்து மனைகளுக்கும் எடுத்துப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். ஒவ்வொரு பதிவிலும் 'கைமாற்றுத் தொகை', 'சந்தை மதிப்பு' என்று இரண்டு இடங்கள் இருக்கும். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் அதே தெருவில் கைமாறிய காலி மனைகளை மட்டும் பொறுக்கியெடுத்து, சதுர அடிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கலாம்.

முழு விலையையும் எல்லோரும் ஆவணத்தில் எழுதுவதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் வங்கிக் கடன் வாங்கிய கிரயங்களில் உண்மை விலை பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும், ஏனென்றால் கடன் வேண்டுமானால் அந்த விலையைக் காட்டியே ஆக வேண்டும். கிரயப் பத்திரப் பதிவுக்கு அடுத்த வரியிலேயே வங்கியின் பெயரில் அடமானப் பதிவு இருந்தால் அந்தக் கிரயத்துக்குக் கூடுதல் எடை கொடுங்கள். நாங்கள் அப்படிப் பார்த்ததில் மூன்று மனைகள் கிடைத்தன. 5,700-லிருந்து 6,200 வரை. சதுர அடிக்கு 6,000 என்று வைத்துக்கொண்டோம். தரகர் சொன்ன 7,500 அன்றே மேசையை விட்டு இறங்கியது.

அப்புறம் அளவு. பத்திரத்தில் 30-க்கு 40, அதாவது 1,200 சதுர அடி. பட்டாவிலும் அதே. நேரில் நான்கு பக்கமும் டேப் வைத்தபோது முன்பக்கம் சரியாக 30 அடி, பின்பக்கம் 9 அங்குலம் குறைவு. பின்கோடியில் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் உள்ளே சாய்ந்து வந்திருக்கிறது. 9 அங்குலம்தானே என்று தோன்றும். முன்பக்கம் சரியாக இருந்து பின்பக்கம் மட்டும் குறுகினால், 40 அடி நீளத்துக்கு 15 சதுர அடி போகிறது. 6,000 வீதம் 90,000 ரூபாய். அந்தச் சுவரை நகர்த்துவதற்கு வழக்குப் போட யாரும் போவதில்லை. ஆனால் அந்தப் பணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. பத்திரம், பட்டா, புலப்படம் (நில அளவைத் துறையின் வரைபடம்), தரையில் இருக்கும் நிலம் ஆகியவற்றில் எது குறைவோ அதற்கு மட்டும் விலை பேசுங்கள்.

எந்த அட்டவணையிலும் வராத விஷயங்கள் மண்ணுக்கு உண்டு. முதலாவது தண்ணீர். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி இருந்தன என்று சென்னை மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி நீரில் நின்றன. இந்த இரண்டு வருடங்களைப் பெயர் சொல்லியே தெருவில் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் வேண்டாம். தெருமுனை அயர்ன் வண்டிக்காரர், எதிர்வீட்டுப் பாட்டி, மளிகைக் கடைக்காரர் ஆகிய மூன்று பேரிடம் "அப்போ தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் கையால் காட்டுவார்கள். முழங்காலா, ஜன்னலா என்று அங்கேயே தெரிந்துவிடும். எங்களுக்கு வாசற்படியின் இரண்டாம் படியைக் காட்டினார்கள். வீட்டுக்குள் வரவில்லை என்பது நிம்மதி. ஆனால் தெருவில் இரண்டு நாள் கார் எடுக்க முடியவில்லை என்பதையும் அதே மளிகைக் கடைக்காரர்தான் சொன்னார்.

இரண்டாவது சாலை அகலம். 20 அடித் தெருவுக்கும் 30 அடித் தெருவுக்கும் வசதியில் மட்டுமல்ல, நாளைக்கு இடித்துக் கட்டினால் எவ்வளவு உயரம் அனுமதிப்பார்கள் என்பதிலும் வித்தியாசம் உண்டு. மூன்றாவது, நம் ஊருக்கே உரிய விஷயம். தெருக்குத்து. நீங்கள் நம்புகிறீர்களோ இல்லையோ, தெரு வந்து நேராக முட்டும் மனைக்கு வாங்க வருகிறவர்கள் குறைவு. கிழக்கு, வடக்கு பார்த்த வாசலுக்குத் தேடி வருகிறவர்கள் அதிகம். மதிப்பீட்டாளர் இதை அறிக்கையில் எழுத மாட்டார். ஆனால் நீங்கள் ஒருநாள் விற்கும்போது எதிரே உட்காருகிறவர் கட்டாயம் கேட்பார். ஆகவே தெருக்குத்து மனையை வாங்கத் தயக்கம் இல்லை என்றால் தாராளமாக வாங்குங்கள், அந்தக் குறைவு வாங்கும் விலையிலும் தெரிய வேண்டும்.

கட்டடத்தின் கணக்கு

இங்கேதான் புதுமையான வீடு நம் கண்ணை மறைக்கும்.

மதிப்பீட்டாளர்களின் வழக்கமான முறை எளிமையானது. இதே வீட்டை இன்று புதிதாகக் கட்ட எவ்வளவு ஆகும் என்று முதலில் பார்ப்பார்கள். கான்கிரீட் வீட்டுக்கு ஆயுள் பொதுவாக 60 வருடம். ஆயுள் முடிந்தாலும் கம்பி, மரம், கல் என்று மிஞ்சும் 10 விழுக்காட்டை விட்டுவிட்டு, மீதி 90-ஐ 60 வருடத்துக்கும் பிரித்துக் கழிப்பார்கள். அதாவது வருடத்துக்கு ஒன்றரை விழுக்காடு. பத்து வருட வீட்டுக்கு 15 விழுக்காடு போய்விடும்.

அக்கம்பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த இரண்டு மேஸ்திரிகளிடமும் ஒரு பொறியாளரிடமும் விசாரித்ததில், நடுத்தரத் தரத்துக்குச் சதுர அடிக்கு 2,400 என்று எடுத்துக்கொண்டோம். 1,900 சதுர அடிக்கு 45 லட்சத்து 60 ஆயிரம். 15 விழுக்காடு கழித்தால் 38 லட்சத்து 76 ஆயிரம். அதுதான் கட்டடம். மண்ணுக்கு 1,185 சதுர அடி, 6,000 வீதம் 71 லட்சத்து 10 ஆயிரம். இரண்டும் சேர்த்தால் கிட்டத்தட்ட 1 கோடியே 10 லட்சம். கேட்ட விலைக்கும் இதற்கும் நடுவில் 25 லட்சம் தொங்குகிறது.

அந்த 25 லட்சம் எதற்கு என்று கேட்டால், "இன்டீரியர் மட்டும் 12 லட்சம் செலவு பண்ணியிருக்கோம் சார்" என்றார் வீட்டுக்காரர். பொய் சொல்லவில்லை, ரசீதுகள் வைத்திருந்தார். ஆனால் செலவும் மதிப்பும் ஒன்றல்ல. மாடுலர் கிச்சனின் கீல்களும் டிராயர் சக்கரங்களும் ஐந்தாறு வருடத்தில் தளரத் தொடங்கும். ஈரம் படும் இடத்தில் பலகை ஊதும். ஃபால்ஸ் சீலிங்கையும் சுவர்ப் பலகையையும் கழற்றி விற்க முடியாது. அவை அந்த வீட்டுக்காரரின் ரசனை. அந்த ரசனை நமக்கும் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் உரித்தெடுக்கும் கூலிகூட நம் தலையில். சுவரையும் தூணையும் போல 60 வருடக் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது, பத்து வருடம் என்பதே தாராளம். எங்கள் கணக்கில் 4 லட்சம் கொடுத்தோம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது ஃபால்ஸ் சீலிங் எதை மறைக்கிறது என்பது. மேல்தளக் கழிவறைக்கு நேர் கீழே, ஹாலின் ஓரத்தில் விளக்கு பொருத்தியிருந்த ஒரு வட்டத்தைக் கழற்றச் சொன்னோம். கைப்பேசி டார்ச்சை உள்ளே விட்டுப் பார்த்தால் கான்கிரீட்டில் தேநீர்க் கறை போல ஒரு வளையம். கசிவு. கம்பி இன்னும் துருப்பிடிக்கவில்லை, சிமென்ட் பெயரவில்லை. அந்த நிலையில் இருப்பதால் கழிவறைத் தரையைப் பெயர்த்து நீர்த்தடுப்புப் பூச்சு செய்தால் போதும். கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் உதிரத் தொடங்கியிருந்தால் செலவே வேறு. படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குப் புது பெயிண்ட் மட்டும் தனியாகத் தெரிந்தால் ஓதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் ஒருமுறை, அதுவும் நல்ல மழைக்கு மறுநாள், வீட்டைப் போய்ப் பாருங்கள். கோடையில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும்.

போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து எடுத்துவந்து சோதனைக்குக் கொடுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்க்தானா, சம்ப் எத்தனை லிட்டர், மின்சாரம் மும்முனை இணைப்பா என்று ஒரு சுற்று கேட்டுவிடுங்கள்.

அடுக்குமாடி வீட்டுக்கும் இதே கணக்குதான், மண் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. பத்திரத்தில் எழுதியிருக்கும் 'பிரிக்கப்படாத பங்கு' எத்தனை சதுர அடி என்பதுதான் உங்கள் மண். 1,200 சதுர அடி வீட்டுக்கு ஓர் இடத்தில் 600 சதுர அடி பங்கு இருக்கும், பத்து மாடிக் கட்டடத்தில் 300-க்கும் கீழே போகும். விலை மட்டும் ஒன்றாக இருக்கும். 2023 டிசம்பரிலிருந்து புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு மண்ணையும் கட்டடத்தையும் சேர்த்து 'கூட்டு மதிப்பு' என்று ஒரே எண்ணாகப் பதிவுத்துறை எடுத்துக்கொள்கிறது. கட்டணமும் 50 லட்சம் வரை 6 விழுக்காடு, 3 கோடி வரை 7 என்று குறைவு. பதிவுக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எண் ஒன்றாகிவிட்டதால் பங்கு எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பது என் கவலை. இருபத்தைந்து வருடம் கழித்து அந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது கையில் மிஞ்சுவது அந்தப் பங்கு மட்டும்தான்.

வங்கி என்ன பார்க்கிறது

வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து இருபது நிமிடம்தான் இருந்தார். லேசர் கருவியை வைத்து வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு அளந்தார், வரைபடத்தை விரித்து ஒவ்வோர் அறையாக ஒப்பிட்டார், வாசல், தெரு, மொட்டை மாடி என்று படம் பிடித்தார். மரப்பலகைச் சுவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேல்தளத்தில் வரைபடத்தில் இல்லாத 300 சதுர அடியையும், மொட்டை மாடியில் பின்னால் எழுப்பிய 100 சதுர அடி அறையையும் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டார்.

வங்கிக்குத் தேவைப்படுவது வேறு ஒரு மதிப்பு. கடன் கட்டாமல் போனால் இந்த வீட்டை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பது. அதனால் அனுமதி இல்லாத கட்டடத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. மண்ணையும் கொஞ்சம் இறக்கியே போடுவார்கள். எங்களுக்கு வந்த அறிக்கையில் மண்ணுக்கு 5,800 வீதம் 69 லட்சத்து 60 ஆயிரம், அனுமதி பெற்ற 1,500 சதுர அடிக்குத் தேய்மானம் போக 30 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 1 கோடியே 20 ஆயிரம்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு, 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் போனால் 75 விழுக்காடுதான் கொடுக்கலாம். பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் குறைவானதைத்தான் வங்கிகள் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. ஆக எங்களுக்குக் கிடைக்கக்கூடியது 75 லட்சம். 1 கோடியே 35 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் கையிலிருந்து 60 லட்சமும், பதிவுக்கு 12 லட்சத்துக்கு மேலும் போட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்த பிறகு இந்த அறிக்கையைப் பார்த்து விழித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கடன் குறைந்தால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதாததால் பல லட்சம் இழந்தவர்களும் அதில் உண்டு. அந்த வரியை எழுதச் சொல்லுங்கள். நேர்மையாக விற்கிறவர் மறுக்க மாட்டார். முடிந்தால் முன்பணத்துக்கு முன்பே பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை நீங்களே அழைத்து ஒரு அறிக்கை வாங்குங்கள். கோடி ரூபாய் விஷயத்தில் அந்தக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை.

விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் சொத்துக்காக ரொக்கமாக வாங்குவது சட்டப்படி குற்றம், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். அது ஒருபுறம் இருக்கட்டும். ஆவணத்தில் 30 லட்சம் குறைத்துக் காட்டினால், நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்த 30 லட்சமும் உங்கள் லாபமாகத் தெரியும். இப்போதைய 12.5 விழுக்காட்டில் அதற்கு மட்டும் 3 லட்சத்து 75 ஆயிரம் வரி. விற்பவர் கட்ட வேண்டிய வரியை நீங்கள் சுமக்கிறீர்கள். வங்கிக் கடனும் குறையும். எந்தப் பக்கம் பார்த்தாலும் வாங்குகிறவருக்கு இதில் ஆதாயம் இல்லை.

கடைசியாக அந்த வரி விவரத்துக்கு வருகிறேன், 900 சதுர அடி என்று சொன்ன தாள். மாநகராட்சியின் சொத்து வரி, சந்தை விலையைப் பார்த்துப் போடுவதல்ல. தெரு, பரப்பு, பயன்பாடு, கட்டட வகை இவற்றை வைத்து வாடகை அடிப்படையில் ஓர் ஆண்டு மதிப்பு போட்டு, அதிலிருந்து அரையாண்டு வரி வரும். அதனால் விலை பேச அது உதவாது. ஆனால் வேறொன்றைக் காட்டிக்கொடுத்தது. கீழ்த்தளம் கட்டியபோது போட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு மேல்தளத்தைக் கணக்கில் காட்டவே இல்லை. பெயர் மாற்றத்துக்குப் போகும்போது மறு அளவீடு நடந்தால் வித்தியாசம் புது உரிமையாளர் தலையில்தான் விழும்.

இந்தக் கணக்குகளை எல்லாம் ஒரே தாளில் எழுதி, அத்தை மகன் வீட்டுக்காரரிடம் நேரிலேயே கொண்டுபோய்க் காட்டினான். தரகரை வைத்துப் பேசவில்லை. மண் இவ்வளவு, கட்டடம் இவ்வளவு, உள் வேலைக்கு இவ்வளவு, ஆக மொத்தம் 1 கோடியே 14 லட்சம். கசிவைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கழிக்கவில்லை, அதைப் பேரத்துக்கு வைத்திருந்தான். வீட்டுக்காரர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் 9 அங்குலம் உள்ளே வந்திருப்பது பத்து வருடமாக அவருக்கே தெரியாது. எழுந்து பின்பக்கம் போய், டேப்பை வாங்கித் தானே ஒருமுறை அளந்தார். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு, கழிவறைக் கசிவைத் தன் செலவில் சரிசெய்து தருவதாகவும் 1 கோடியே 16 லட்சம் வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

முழுத் தொகையும் ஆவணத்தில் எழுதப்பட்டது. விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் 1 விழுக்காட்டைப் பிடித்து விற்றவர் பெயரில் வருமான வரிக்குக் கட்டினான். பதிவுச் செலவு 10 லட்சத்து 44 ஆயிரம். வங்கி 75 லட்சம் கொடுத்தது. பதிவு முடிந்த வாரமே சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தான். விண்ணப்பத்தோடு மேல்தளப் பரப்பையும் மொட்டை மாடி அறையையும் அளவு போட்டுத் தானாகவே எழுதிக் கொடுத்திருக்கிறான். அளக்க ஆள் வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார்களாம்.